எதிர்க்கட்டில்காரன்

ஏப்ரல் 18

அன்புத் தங்கை கோட்டானுக்கு,

அண்ணன் எழுதுகிறேன். நல்லபடியாக வந்து சேர்ந்தேன், உடம்புக்குக் குறைச்சல் இல்லை. அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? உன் வாய் இன்னும் பூட்டியேதான் கிடக்கிறதா?

ஃபோனில் பேசலாம் என்றால் அம்மா அதை ஸ்பீக்கரில் போட்டுத் தெருவுக்கே ஒலிபரப்புகிறாள். நடுவில் மாடிவீட்டுக்காரர் புகுந்து எனக்குச் சம்பளம் எவ்வளவு என்கிறார். அதனால்தான் கடிதம். நீ வாசி, அம்மா கேட்கட்டும்.

அறையில் ஆறு கட்டில். எனக்குக் கதவோரம். எதிர்க்கட்டிலில் இருப்பவனும் என்னைப் போல லிஃப்ட் மெக்கானிக்தான். நல்ல பையன். குறட்டை விட ஆரம்பித்தால் பதினெட்டு மாடிக்கும் மோட்டார் ஓடுவது போல இருக்கும். வந்த வாரமே லிஃப்ட் கதவு என் இடது கட்டைவிரலைக் கடித்துவிட்டது. நகம் பிய்ந்து போய், சின்னப் பிள்ளைக்குத் தொப்பி வைத்தது போல விரலில் பெரிய கட்டு. அம்மா பதறவேண்டாம். வலது கை தப்பியது, அதனால்தான் இந்தக் கடிதமும் தப்பியது.

வாயாடியிடம் நான் கேட்டதாகச் சொல். டிசம்பரில் எங்கள் கல்யாணம் ஆகிறவரைக்கும் அவள் பேச்சைத் தாங்க உன் காதுக்குத் தெம்பு இருக்கட்டும். அதற்குப் பிறகு என் காது இருக்கிறது.

அன்புடன்,
அண்ணன்


ஏப்ரல் 26

அன்புள்ள அண்ணாவுக்கு,

நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் படியைக் கண்டால் மட்டும் முறைத்துக்கொள்கிறது. உன் விரலை நனைக்காமல் வைத்துக்கொள். அம்மா உன் கடிதத்தை மூன்று தடவை வாசிக்கச் சொன்னாள். கட்டைவிரல் வரும் இடத்தில் மூன்று தடவையும் "ஐயோ" என்றாள்.

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். கூட்டுவது, துடைப்பது, குப்பையைப் பிரித்துப் பையில் கட்டுவது. ரத்தம் பரவாயில்லை அண்ணா. சிறுநீர்க் குப்பிகள்தான். வாங்கும்போது இன்னும் சூடாக இருக்கும். யாரோ ஒருவருடைய உடம்பின் உள்பக்கத்தைக் கையில் பிடித்தது போலக் கூசுகிறது. சளிக் குப்பியை எழுதக்கூட மாட்டேன். மதியம் சாப்பாட்டை மூடியபடியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறேன். ரத்தம் எடுக்கிற அக்கா, எல்லாரும் ஊசியக்கா என்பார்கள், "ஒரு மாசம் போனா நீயே அந்தக் கையால வழிச்சுச் சாப்பிடுவே பாரு" என்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பக்கத்துக் கடைதான் வாயாடியின் தையல் கடை. எட்டாம் வகுப்பில் கேள்வி கேட்டால் எழுந்து நிற்பேனே தவிர வாய் திறக்க மாட்டேன், அதனாலேயே படிப்பை விட்டேன் என்று உனக்குத் தெரியும். என்னிடம் பதிலை எதிர்பார்க்காமல் பேசுகிற ஒரே ஆள் அவள். உங்கள் அறைக்கு இப்போதே திரைச்சீலை தைக்கிறாள். பச்சையில் வெள்ளைக் கோடு. "உங்க அண்ணனுக்குப் பச்சை பிடிக்காதுன்னா இப்பவே சொல்லச் சொல்லு, அப்புறம் சன்னலைத்தான் மாத்தணும்" என்றாள்.

அன்புடன்,
கோட்டான்


மே 2

அன்புத் தங்கைக்கு,

நான் நலம். விரலும் தேறி வருகிறது. அம்மாவைப் படியேறவேண்டாம் என்று சொல்.

ஒரு விஷயம் கேட்கவேண்டும். எனக்காக இல்லை, எதிர்க்கட்டில்காரனுக்காக. பாவம், பயந்துபோய்க் கிடக்கிறான். நேற்று விடுமுறை. கூட்டாளிகள் சேர்ந்து குடித்திருக்கிறார்கள். பிறகு யாரோ ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். அங்கே ஒரு பெண்ணோடு இருந்துவிட்டான். பாதுகாப்பு எதுவும் இல்லாமல். உனக்கு இப்படி எழுதக்கூடாதுதான், ஆனால் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேறு யாரைத் தெரியும்? எய்ட்ஸ் மாதிரி ஏதாவது வந்திருக்குமா என்று விடிந்ததிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறான். அந்தப் பெண்ணைப் பார்த்தால் நோய்க்காரி மாதிரி இல்லையாம். சுத்தமாக உடுத்தியிருந்தாளாம். ஒரே ஒரு தடவைதானாம். உன் ஊசியக்காவிடம் பேர் சொல்லாமல் விசாரித்து எழுது.

அம்மாவுக்கு வாசிக்கும்போது இந்தப் பத்தியை விட்டுவிடு.

அண்ணன்


மே 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே சுகம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

விட்டுவிடு என்கிற வரியை நீ பத்திக்கு முன்னால் அல்லவா எழுதியிருக்கவேண்டும்? உறையைப் பிரித்த கையோடு அம்மா பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள் என்று உனக்குத் தெரியாதா? 'விட்டுவிடு' வருவதற்குள் எல்லாவற்றையும் உரக்க வாசித்து முடித்துவிட்டேன். பாதியில் நிறுத்தப் பார்த்தேன். "என்னடி முழுங்கறே, படி" என்றாள். என் காது மடல் எரிந்தது.

அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "சீ! அந்தக் கழிசடையோட என் பிள்ளை ஒரே ரூம்லயா? கட்டிலை மாத்திக்கச் சொல்லு. அவன் தட்டைத் தொடக் கூடாதுன்னு எழுது. நாளைக்கு எவளோ ஒரு அப்பாவிப் பொண்ணைக் கட்டிக்கிட்டு அவ தலையிலயும் இதைக் கொட்டுவான். அந்தப் பொண்ணு வீட்டுக்கு யாராச்சும் சொல்ல மாட்டாங்களா?"

ஊசியக்காவிடம் கேட்க எனக்கு இரண்டு நாள் ஆனது. கதவோரம் துடைப்பத்தோடு நின்றுகொண்டே இருந்தேன். "என்னடி, அந்த இடத்தையே துடைச்சுத் தேய்ச்சுப் பள்ளம் பண்றே? கேக்க வந்ததைக் கேளு" என்றாள். தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். அவள் முகம் சுளிக்கவே இல்லை. முதலில் கேட்டது "எப்போ?" என்றுதான்.

"அன்னிக்கோ மறுநாளோ ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா மாத்திரை குடுத்திருப்பாங்க. மூணு நாளுக்குள்ள ஆரம்பிச்சு ஒரு மாசம் விடாம போட்டா, ஒட்டாம தடுக்க நல்ல வாய்ப்பு இருக்கு. உன் ஆளு என்ன பண்ணினான்?"

"லெட்டர் போட்டான்" என்றேன்.

"வீடு பத்திக்கிட்டா தண்ணி வண்டிக்கும் லெட்டர்தான் போடுவானா?" என்றாள். இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த நாட்கள் போய்விட்டன. இனி என்ன என்று கேட்டேன். ஒரு தடவை என்றால் கட்டாயம் வந்திருக்கும் என்றும் இல்லையாம், வராது என்றும் இல்லையாம். பார்த்தால் தெரியும் என்றால் எனக்கு எதுக்குடி சம்பளம் என்றாள். இப்போது ஒரு தடவை ரத்தம் கொடுக்கவேண்டும். ஆனால் அது ஏற்கெனவே இருந்ததைத்தான் காட்டும். புதிதாக ஒட்டியது தெரிய நாளாகும். ஒன்றரை மாதம் கழித்து ஒரு தடவை, மூன்று மாதம் முடிந்ததும் இன்னொரு தடவை. அதுவரை யாரோடும் அது இல்லாமல் இருக்கக்கூடாது. அது என்றால் எது என்று உன் நண்பனுக்குத் தெரியும். ஒரே தட்டில் சாப்பிட்டால் வராதாம், அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். நம்பவில்லை.

ஒன்று கேட்கட்டுமா? அந்தப் பெண்ணும் இப்போது யாரிடமாவது விசாரித்துக்கொண்டிருப்பாளா?

அன்புடன்,
கோட்டான்


மே 16

தங்கைக்கு,

நலம். உன் கடிதத்தை அவனிடம் காட்டினேன். அந்த மூன்று நாள் விஷயத்தைக் கேட்டதிலிருந்து அவன் சாப்பிடவில்லை. யாருக்குத் தெரியும் அப்படி மாத்திரை இருக்கிறது என்று? எங்கேயாவது எழுதி ஒட்டியிருக்கிறார்களா?

நேற்று ரத்தம் கொடுத்துவிட்டு வந்தான். இன்னும் சில சந்தேகம். அவனுக்கு இரண்டு நாளாக உடம்பு லேசாகச் சுடுகிறது, தொண்டை கட்டியிருக்கிறது. அது இதனாலா, அறையில் எல்லாருக்கும் சளி பிடித்திருக்கிறதே அதனாலா? அப்புறம் அவன் கட்டைவிரலில் கட்டு இருந்தது. அன்று ராத்திரி அது எங்கேயோ அவிழ்ந்து விழுந்துவிட்டது. நகம் இல்லாத பச்சைப் புண். அது வழியாகவும் போயிருக்குமா? கேட்டு உடனே எழுது. உடனே.

அந்தப் பெண்ணைப் பற்றி நீ ஏன் கவலைப்படுகிறாய்? அவளுக்கு அது தொழில்.

இந்தக் கடிதத்தை அம்மா இல்லாதபோது பிரி.

அண்ணன்


மே 24

அண்ணாவுக்கு,

சுகம்.

அம்மா இல்லாதபோது பிரி என்று உறையின் மேல் எழுதியிருந்தால் பிரித்திருப்பேன். உள்ளே எழுதினால் எப்படி? இந்தத் தடவை அம்மாவே ஆவலாக வந்து உட்கார்ந்தாள். "அந்தக் கழிசடைக்கு என்னாச்சு, படி" என்றாள். கட்டைவிரல் வரை வாசித்தேன். அதற்கு மேல் வாசிக்க முடியவில்லை, எழுத்து தெரியாதவள் போல அந்த வரியிலேயே நின்றேன். அம்மா எழுந்தாள். அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்தேன் என்று சொல்லிப் போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

ஊசியக்கா சொன்னது: சளியும் சுரமும் எல்லாருக்கும் வரும், அதை வைத்து உண்டு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. புண் இருந்தது, இல்லாதது எல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டிருக்காமல் நாள் வந்ததும் கையை நீட்டச் சொல். ஒரு ரத்தத்திலேயே மற்ற நோய்களும் பார்ப்பார்கள், அதையும் பார்க்கச் சொல்.

உன் நண்பனுக்கும் இடது கட்டைவிரல்தானா?

கோட்டான்


ஜூலை 3

அன்புத் தங்கைக்கு,

நலமாக இருக்கிறேன். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? வேலை அதிகம், இத்தனை நாளாக எழுத முடியவில்லை. பதினோராம் மாடியில் லிஃப்ட் நின்றுபோய், உள்ளே மாட்டிக்கொண்ட ஒரு கிழவர் நாங்கள் திறக்கிறவரைக்கும் எங்களைக் கெட்ட வார்த்தையிலேயே திட்டிக்கொண்டிருந்தார். திறந்ததும் நன்றி சொன்னார்.

எதிர்க்கட்டில்காரனுக்கு ஒன்றும் இல்லையாம். மே மாதமே ரிசல்ட் வந்துவிட்டது. இல்லை என்று அச்சடித்தே கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பேச்சு முடிந்தது, இனி அதை எழுதாதே.

நல்ல செய்தி உனக்கு முன்பே தெரிந்திருக்கும். அம்மா ஃபோன் செய்தாள். டிசம்பர் வரை எதற்கு, ஜூலை இருபத்தெட்டிலேயே கல்யாணத்தை முடித்துவிடலாம் என்று வாயாடி வீட்டில் போய்ப் பேசி வந்துவிட்டாளாம். எனக்கும் சரி என்றுதான் படுகிறது. இருபத்தைந்தாம் தேதி வந்துவிடுவேன். ஊருக்கு வருகிற ஒருவரிடம் என் நல்ல சட்டைகள் நாலைந்து கொடுத்துவிட்டிருக்கிறேன். துவைத்து, தேய்த்து வை.

அண்ணன்


ஜூலை 9

அண்ணாவுக்கு,

உன் சட்டைகள் வந்தன. பையைத் திறந்ததும் உன் வியர்வை வாசனை வந்தது. சின்ன வயதில் உன் முதுகில் ஏறித் தூங்கிய அதே வாசனை. எனக்குக் குமட்டியது. குச்சியால் ஒவ்வொன்றாகத் தூக்கி வாளியில் போட்டு, பரிசோதனைக் கூடத்திலிருந்து பிளீச்சிங் பவுடர் கொண்டுவந்து கொட்டினேன். காலையில் பார்த்தால் நீலச் சட்டை, கோட்டுச் சட்டை எல்லாம் ஒரே வெளிறல், சொறி பிடித்தது போல. ஊசியக்காவிடம் சொன்னேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "என் தம்பிக்கு அது இருக்கு. ஏழு வருஷமா மாத்திரை போடுறான். அவன் சட்டையை நான்தான் துவைக்கிறேன். எனக்கு என்ன ஆச்சு?" என்றாள்.

தம்பிக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று மட்டும் கேட்டேன்.

"ஆச்சே. பொண்ணு பார்க்கப் போன அன்னிக்கே அவளைத் தனியா உட்காரவெச்சு இவனே சொல்லிட்டான். அவ ரெண்டு வாரம் யோசிச்சா. டாக்டர்கிட்டப் போய் இவனை விட அதிகமா கேள்வி கேட்டா. அப்புறம் சரின்னா. இப்ப ஒரு குழந்தை இருக்கு. ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்ல."

அதற்குப் பிறகு அந்தச் சட்டைகளைக் கையாலேயே அலசிக் காயப்போட்டேன். எனக்குக் குமட்டுவது சட்டையால் இல்லை என்று அப்போது தெரிந்தது.

மே மாதக் காகிதம் எதற்கும் ஆகாது என்று நான் மே மாதமே எழுதினேன். ஒன்றரை மாதக் கணக்கு ஜூன் நடுவில். அதற்குப் போனானா உன் நண்பன்? மூன்று மாதக் கணக்கு முடிவது ஆகஸ்ட் முதல் தேதி. கல்யாணம் ஜூலை இருபத்தெட்டு. எதிர்க்கட்டில்காரனுக்கும் அதே நாளில்தான் கல்யாணமா, அண்ணா?

வாயாடி நேற்று திரைச்சீலையை என் மேல் போர்த்தி அளவு பார்த்தாள். "தேதியை முன்னாடி தள்ளிட்டாங்களே, உங்க அண்ணனுக்கு என் மேல அவ்வளவு அவசரமாடி?" என்று சிரித்தாள். வாயில் நாலு குண்டூசி கவ்விக்கொண்டு சிரித்தாள். குத்திவிடப் போகிறது என்று மட்டும் சொன்னேன்.

கல்யாணத்தைத் தள்ளிப் போடு. இல்லையென்றால் அவளிடம் நீயே சொல்.

கோட்டான்


ஜூலை 16

தங்கைக்கு,

சரி. நான்தான். போதுமா?

ஒரு நாள், ஒரு மணி நேரம். குடித்திருந்தேன். எனக்கே என்னைப் பார்த்தால் அருவருப்பாக இருக்கிறது, நீ வேறு குத்தவேண்டாம். அந்தக் கூட்டாளிகள் கூப்பிடாவிட்டால், அந்தப் பெண் கதவைத் திறக்காவிட்டால் இது நடந்தே இருக்காது. ஜூனில் போக நினைத்தேன். இரண்டு தடவை வாசல்வரைக்கும் போய்விட்டுத் திரும்பினேன். உள்ளே உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தாலே கால் வரவில்லை. என் உடம்பு எனக்குத் தெரியும். எடைகூட ஏறியிருக்கிறது. எனக்கு ஒன்றும் இல்லை.

தேதியைத் தள்ளிப்போட என்ன காரணம் சொல்வது? அம்மா உயிரை விடுவாள். கல்யாணம் ஆகட்டும், பிறகு நானே போய்ப் பரிசோதனை செய்துகொள்கிறேன். சத்தியம்.

வாயாடியிடம் ஒரு வார்த்தை சொன்னாயோ, எனக்குத் தங்கையே இல்லை. எப்போதும் வாய் திறக்காதவள், இந்த ஒரு தடவையும் திறக்காமல் இரு. அண்ணனுக்காக இதைக்கூடச் செய்யமாட்டாயா?

இதை வாசித்ததும் கிழித்துப் போடு.

அண்ணன்


ஜூலை 22

அண்ணாவுக்கு,

கிழித்தேன். மூன்றாக. பிறகு கூடத்தில் பஞ்சும் பிளாஸ்திரியும் போடுகிற பையில் போட்டேன்.

'கல்யாணம் ஆகட்டும், பிறகு' என்கிற இடத்தை நான் எத்தனை தடவை வாசித்தேன் என்று தெரியாது. உனக்குப் பயம் என்றால் எனக்குப் புரியும், எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். வாசல்வரை போய்த் திரும்புகிற காலும் எனக்குத் தெரியும். பள்ளிக்கூட வாசலில் எத்தனை நாள் அப்படித் திரும்பியிருக்கிறேன். ஆனால் நான் திரும்பியதில் வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நீ திரும்பிவிட்டு, உனக்குப் பதிலாக அவள் ரத்தத்தை வைத்துச் சோதித்துப் பார்க்க நினைக்கிறாய்.

முந்தாநாள் மதியம் தையல் கடைக்குப் போனேன். அவள் மிஷினை மிதித்துக்கொண்டே பேசினாள், நூல் விலை, கடை வாடகை, அவள் சித்தியின் புதுப் பல்செட். நான் நின்றேன்.

"என்னடி, கடன்காரன் மாதிரி நிக்கறே?"

"அண்ணன்" என்றேன்.

"அண்ணனுக்கு என்ன? விரலா?"

இல்லை என்று தலையாட்டினேன். மிஷின் நின்றது. எப்போதும் நான் பேசி முடிப்பதற்குள் அவள் பேசிவிடுவாள். அன்று ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தாள். அதுதான் கஷ்டமாக இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். மே ஒன்று, அந்த வீடு, நீ ஆணுறை போடாதது. அந்த வார்த்தையை இதுவரை கடிதத்தில் நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. அவளிடம் வாய்விட்டே சொன்னேன், கடை வாசலில் ஆள் நின்றபோதும். உனக்கு இருக்கிறது என்று சொல்லவில்லை. தெரியாது என்றுதான் சொன்னேன். தெரிந்துகொள்ள மாட்டேன் என்கிறான் என்று சொன்னேன்.

நான் எதிர்பார்த்தது அவள் கத்துவாள் என்று. "எத்தனை நாளா உனக்குத் தெரியும்?" என்று கேட்டாள்.

"மே மாசத்திலிருந்து சந்தேகம்."

"மே மாசத்திலிருந்து" என்று திருப்பிச் சொன்னாள். "இந்தத் துணியை உன் மேல போர்த்தினேனே, அப்பவும்?"

ஆமாம் என்றேன். என்னைப் பார்க்காமல் மிஷினிலிருந்து துணியை உருவினாள். நூல் அறுபடாமல் நீளமாக வந்துகொண்டே இருந்தது. "இப்ப நீ போ" என்றாள்.

இருபத்தெட்டாம் தேதி கல்யாணம் இல்லை, நீ கிளம்பவேண்டாம் என்று அம்மா நேற்றே ஃபோனில் சொல்லியிருப்பாள். வாயாடி வீட்டிலிருந்து சொல்லிவிட்டார்கள், காரணம் சொல்லவில்லை. அவள் யாரிடமும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். விஷயம் வெளியே வந்துவிடுமோ என்று பயந்த உனக்கு அவள் காட்டிய இரக்கம் அது.

நீ என்னைத் தங்கை இல்லை என்றாலும் ஆகஸ்ட் முதல் தேதிக்குப் பிறகு போய்க் கையை நீட்டு. துணைக்கு எதிர்க்கட்டில்காரனைக் கூட்டிக்கொண்டு போ. பாவம், இத்தனை மாதமாக உன் பழியைச் சுமந்தவன்.

கோட்டான்


ஆகஸ்ட் 8

தங்கைக்கு,

போனேன். மூன்று மாதம் முடிந்து நான்கு நாள் கழித்துப் போனேன், உன் ஊசியக்கா சொன்ன கணக்குப்படி. மற்ற நோய்களுக்கும் பார்த்தாயிற்று. எதுவும் இல்லை. இனி திரும்ப வரவேண்டாம் என்று டாக்டரே சொன்னார். ரிசல்ட்டின் நகலை இதோடு வைத்திருக்கிறேன், உன் கூடத்தில் யாரிடம் வேண்டுமானாலும் காட்டிக்கொள்.

இப்போது என்ன சொல்கிறாய்? இல்லாத ஒன்றுக்காக ஒரு கல்யாணத்தைக் கலைத்தாய். நான் சொன்னேனா இல்லையா, என் உடம்பு எனக்குத் தெரியும் என்று? வாயாடியிடம் இந்தக் காகிதத்தைக் கொடு. இனி அவள் மறுக்க என்ன இருக்கிறது? டிசம்பருக்கே வைத்துக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. உன்னையும் மன்னித்துவிடுகிறேன்.

அம்மாவுக்கு நான் நலம் என்பதை மட்டும் வாசி.

அண்ணன்


ஆகஸ்ட் 17

அண்ணாவுக்கு,

ரிசல்ட்டைப் பார்த்ததும் கூடத்துப் படியில் உட்கார்ந்து அழுதேன். உனக்கு இல்லை என்பதில் என்னைவிடச் சந்தோஷப்பட்டவர் யாரும் இருக்க முடியாது. அதை முதலில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் எழுதப்போவதை வாசித்தால் நீ நம்பமாட்டாய்.

காகிதத்தை வாயாடியிடம் கொடுத்தேன். அவள் என்னோடு பேச ஆரம்பித்து ஒரு வாரம்தான் ஆகிறது, அதுவும் பழைய பேச்சில் பாதிதான். ஊசியக்காவிடம் அவளே போய்க் கேட்டிருக்கிறாள், எனக்குத் தெரியாது. காகிதத்தை வாசித்துவிட்டு நாலாக மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"நல்லது. நிம்மதியா இருக்கச் சொல்லு" என்றாள்.

"அப்ப டிசம்பர்?" என்று கேட்டேன். நீ கேட்கச் சொன்னாய், அதனால் கேட்டேன்.

"உங்க அண்ணனுக்கு இருக்குன்னு அவரே வந்து சொல்லியிருந்தா, நான் ஊசியக்கா தம்பி பொண்டாட்டி மாதிரி ரெண்டு வாரம் யோசிச்சிருப்பேன். என்ன முடிவு எடுத்திருப்பேனோ தெரியாது. ஆனா யோசிச்சிருப்பேன். இதுல யோசிக்க என்னடி இருக்கு? இல்லைன்னு தெரியறதுக்கு முன்னாடியே கட்டிக்க வந்தவர்தானே? ஜூலைல அவருக்குத் தெரியாதே."

பிறகு எச்சில் விழுங்குவது போல ஒரு முகம் செய்தாள். நான் சிறுநீர்க் குப்பியை முதல் நாள் கையில் வாங்கியபோது என் முகம் அப்படித்தான் இருந்திருக்கும். திரைச்சீலையைத் தன் கடை சன்னலுக்கே மாட்டிவிட்டாள். தெருவிலிருந்து பார்த்தாலே தெரிகிறது, பச்சையில் வெள்ளைக் கோடு.

இனி அம்மா விஷயம். 'நலம் என்பதை மட்டும் வாசி' என்று எழுதியிருந்தாய். இந்தத் தடவை நான் முழுவதையும் வாசித்தேன். ஒரு வரி விடவில்லை. அதற்குப் பிறகு மே மாதத்திலிருந்து நடந்ததெல்லாம், நீ எழுதிக் கிழிக்கச் சொன்னது வரைக்கும், வாயால் சொன்னேன். அம்மா விழுந்துவிடுவாள் என்று தண்ணீர்ச் செம்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தேன்.

அம்மா விழவில்லை. முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, "இல்லைன்னு வந்துடுச்சுல்ல, விடு" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. "உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டேன்.

"கட்டைவிரல்னு நீ வாசிச்சப்பவே தெரியும். பெத்தவளுக்குத் தெரியாதா? அதனாலதானே ஓடி ஓடித் தேதியை முன்னாடி வெச்சேன். விஷயம் வெளியே கசிஞ்சா எவ பொண்ணு குடுப்பா? கட்டிட்டு வந்துட்டா அப்புறம் நல்லதோ கெட்டதோ அவ பார்த்துப்பா, அவ பொண்டாட்டி. நீ குறுக்க பூந்து கெடுத்தே."

அந்தக் கழிசடையைப் பற்றிப் பெண் வீட்டுக்கு யாராவது சொல்லமாட்டார்களா என்று கேட்டது இதே வாய்தான், அண்ணா. பெண் வீட்டுக்குப் போய் இனிப்புக் கொடுத்துத் தேதியை மாற்றிவிட்டு வந்ததும் இதே வாய்தான். வாயாடி அன்றைக்கு அம்மாவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாளாம். கொடுக்கும்போது, அம்மா குனிந்து அவள் தலையைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள். இரண்டு நாளாக வீட்டில் எதுவும் இறங்கவில்லை. ஊசியக்கா சொன்னது பலித்துவிட்டது, மதியச் சாப்பாட்டை இப்போது கூடத்திலேயே சாப்பிட்டுவிடுகிறேன். குப்பிகளுக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிட முடிகிறது. வீட்டில் முடியவில்லை.

மே ஒன்றாம் தேதி அந்த வீட்டில் இருந்த பெண்ணை நீ மறுபடியும் பார்க்கவே மாட்டாய் என்று தெரியும். இருந்தாலும், உனக்குக் கிடைத்த காகிதம் போல அவளுக்கும் ஒன்று கிடைக்கவேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இதை எழுதும்போது அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். என்ன எழுதுகிறேன் என்று அவளுக்கு வாசிக்கத் தெரியாது. "எல்லாரும் சுகம்னு முதல்ல எழுதுடி, பிள்ளை கவலைப்படுவான்" என்று மூன்று தடவை சொல்லிவிட்டாள். எழுதிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். மேலே பார், எழுதவில்லை.

உன் தங்கை